காணிக்கை குறைந்த காலத்தில் தலைவர்களை உருவாக்க முடியுமா?

பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கம் ஒரு சிறிய தமிழ்ச் சபையில் வாலிபர் ஐக்கியத்தை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, எங்கள் சபையில் பெயிண்டிங், வீட்டு வேலை, கார்மென்ட்ஸ், ஆட்டோ என்று அன்றாடம் சம்பாதிக்கிற குடும்பங்கள்தான் அதிகம். சில மாதமாக வேலை சரியில்லை, காணிக்கை பாதியாகிவிட்டது. ஆயருக்குச் சம்பள பாக்கி நிற்கிறது. இந்த நேரத்தில் புதிய தலைவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறார் ஆயர். முதலில் நிலைமை சரியாகட்டும் என்கிறது கமிட்டி. யார் சொல்வது சரி?"

தம்பி, உங்கள் ஆயர் சொல்வதுதான் சரி. ஆனால் கமிட்டியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பயிற்சி என்றதும் அவர்கள் மனதில் வருவது ஊருக்கு வெளியே ஒரு ரிட்ரீட் சென்டர், மூன்று நாள் சாப்பாடு, வெளியூர்ப் பேச்சாளர், ஆளுக்கொரு ஃபைல், கடைசியில் குரூப் போட்டோ. அதற்குக் காசு இல்லை என்று சொன்னால் நானும் அவர்கள் பக்கம்தான். நான் சொல்லும் பயிற்சி வேறு. கஷ்டம் வந்திருக்கிற இந்த மாதங்களில் சபைக்குள் செய்தே ஆகவேண்டிய வேலைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை ஆட்களை நம்பி ஒப்படைத்து, கூடவே நின்று, வாரம் ஒருமுறை உட்கார்ந்து வேதத்தைத் திறந்து வைத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். நிலைமை சரியாகட்டும் என்று தள்ளிவைத்தால், கற்றுக்கொள்ள வேண்டிய அந்த வேலைகளே அப்போது இருக்காது.

நம் சபைகளின் கதையே இப்படித்தான் ஆரம்பித்தது. பாளையங்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1778-ல் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் அங்கே வந்து கிளாரிந்தா அம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டார். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் குருவானவர் ஒருவரும் அப்போது கிடையாது. உறவும் ஊரும் ஒதுக்கிய விதவையான அந்தக் கிளாரிந்தா அம்மாள்தான் அந்தச் சிறு கூட்டத்தை இழுத்துப் பிடித்து, 1785-ல் கோவிலும் கட்டி முடித்தார். அங்கே உபதேசியாராக அனுப்பப்பட்ட சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790-ல். அதாவது வேலை முதலில் வந்தது, பட்டம் பிறகுதான் வந்தது. அதற்கும் முன்னால், 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன் ஐயரும் அப்படித்தான். இந்தியப் புராட்டஸ்டண்ட் சபையில் முதல் இந்தியக் குரு அவர். அதற்குமுன் உபதேசியாராகக் கிராமம் கிராமமாக நடந்தவர்.

இன்னொரு உதாரணத்தைக் கமிட்டிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். முதல் உலகப்போரில் ஜெர்மன் மிஷனரிகளை ஆங்கிலேய அரசு வெளியேற்றியது. அவர்களுடைய லைப்சிக் மிஷனின் தமிழ்ச் சபைகள் திடீரென்று அந்த மிஷனரிகள் இல்லாமல் நின்றன. அந்த நெருக்கடியில்தான் 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் காலில் நிற்கும் திருச்சபையாக அமைந்தது. ஆனால் தரங்கம்பாடி பேராயர் பீடத்தில் ஒரு தமிழர் அமர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராஜா மாணிக்கம் அவர்கள்தான் அந்த முதல் தமிழ்ப் பேராயர். இதில் இரண்டு பாடம் இருக்கிறது. நெருக்கடி கதவைத் திறக்கும். ஆனால் திறந்த கதவு வழியாக ஆட்களை வேண்டுமென்றே உள்ளே அழைத்துப் பொறுப்பில் உட்கார வைக்காவிட்டால், அப்புறமும் பல வருஷம் பழைய ஆட்களே உட்கார்ந்திருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஹிட்லர் காலத்தில் அவனுக்குக் கீழ்ப்படிய மறுத்த சபைகள் சொந்தமாக இறையியல் பள்ளிகள் நடத்தின. போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகர் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் 1935-லிருந்து ஒன்றை நடத்தினார். 1937-ல் ரகசியப் போலீஸ் அதை மூடியது. பயிற்சி அதோடு நின்றுவிடவில்லை. மாணவர்களை அந்தப் பகுதிச் சபைகளில் உதவி ஊழியர்களாகப் பிரித்து அனுப்பி, அவ்வப்போது ஒன்றாகக் கூட்டிப் படிக்க வைத்தார்கள். 1940 வரை அப்படியே ஓடியது. கட்டடம் போனபின் சபைகளே வகுப்பறை ஆயின. உங்களுக்கு அவ்வளவு பெரிய ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் வழி அதேதான்.

சரி, இப்போது உங்கள் சபைக்கு வருவோம். முதல் கேள்வி, யாரைப் பயிற்றுவிப்பது? ஜெபக்கூட்டத்தில் நன்றாகப் பேசுகிறவரை, மைக் பிடிக்கத் தெரிந்தவரை, கொஞ்சம் காசு வைத்திருக்கிறவரைத்தான் கண் முதலில் தேடும். தேட வேண்டாம் என்கிறேன். கடந்த சில மாதங்களில் யாரும் சொல்லாமலே யார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வேலை போன வீட்டுக்கு யார் போய் உட்கார்ந்தார்கள்? ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு ராத்திரி துணைக்கு யார் படுத்தார்கள்? பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்காக ஹெட்மாஸ்டரிடம் யார் பேசினார்கள்? உங்கள் சபையிலும் இப்படி நாலைந்து பேர் இருப்பார்கள். பெரும்பாலும் அதில் பெண்கள் அதிகமாக இருப்பார்கள். அவர்கள் பெயர் கமிட்டி பட்டியலில் இருக்காது. உதவிக்காரரை நியமிக்கும்முன் சோதித்துப் பாருங்கள் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, அந்தச் சோதனையை இந்தக் கஷ்டகாலம் உங்களுக்காக ஏற்கெனவே நடத்தி முடித்திருக்கிறது. முடிவைப் படித்துப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

கோலார் தங்கவயல் மக்களைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அந்தச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரே நாளில் கையை விரித்து நின்றன. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூரில் நாளெல்லாம் வேலை பார்த்து, ராத்திரி வீடு திரும்புவது அங்கே பல வீடுகளின் வாழ்க்கையாகிவிட்டது. கொஞ்சம் பேர் இங்கேயே குடிவந்தார்கள். இங்குள்ள தமிழ்ச் சபைகளில் ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வீட்டு ஜெபம் என்று எதை எடுத்தாலும் தங்கவயலில் வளர்ந்த ஒருவர் தோள் கொடுப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சம்பளம் நின்றபோது சபையை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்ட பழக்கம் அவர்களுக்கு உண்டு. உங்கள் சபையில் அப்படி வந்த குடும்பம் இருந்தால், முதலில் அவர்களைக் கூப்பிட்டு, அப்போது எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பயிற்சியின் முதல் பாடமே அதுவாக இருக்கலாம்.

அடுத்து நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம். எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் உணவு பங்கிடும்போது, கிரேக்க மொழி பேசிய விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. பற்றாக்குறை வந்தால் சபைக்குள் முதலில் கிளம்புவது இந்தச் சத்தம்தான்: "அவங்க ஆளுங்களுக்கு மட்டும் கிடைக்குது." அப்போஸ்தலர்கள் புகாரை அமுக்கவில்லை, புகார் சொன்னவர்களை விசுவாசக் குறைவு என்று திட்டவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட தரப்புக்கே பந்தியின் பொறுப்பு போயிருக்கிறது. அந்த ஏழு பேரில் ஒருவர் முதல் இரத்தசாட்சி, இன்னொருவர் சமாரியாவுக்குச் சுவிசேஷம் கொண்டுபோனவர். பந்தி விசாரிப்புதான் அவர்களுக்குப் பயிற்சிக்களம்.

இதைப் பெங்களூர்த் தமிழ்ச் சபையில் வைத்துப் பாருங்கள். திருநெல்வேலி பக்கத்தார், வட ஆற்காட்டார், தங்கவயல்காரர், சிவாஜிநகரில் மூன்று தலைமுறையாக இருப்பவர், நேற்று தர்மபுரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர், எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். ஜாதியும் கூடவே உட்கார்ந்திருக்கிறது, இல்லை என்று சொன்னால் அது பொய். ஐக்கிய விருந்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள் எந்தத் தெரு, கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர்கள் எந்தத் தெரு என்று ஒருமுறை மனதுக்குள் எழுதிப் பாருங்கள். உதவிப் பொருள் பங்கிடும் குழுவை நீங்கள் அமைக்கும்போது, முறுமுறுக்கிற பக்கத்திலிருந்து ஆள் எடுக்க வேண்டும். ஒருவரை மட்டும் பேருக்குச் சேர்த்தால் போதாது, பெரும்பான்மையே அவர்களாக இருக்கட்டும். கமிட்டிக்கு இது பிடிக்காது. ஆனாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். தலைவர்களை உருவாக்குவது என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்: எந்தக் கைக்குச் சாவி போகிறது என்பது.

இனி என்னென்ன வேலைகளை ஒப்படைக்கலாம் என்று சொல்கிறேன்.

வீடு சந்திப்பு எல்லாவற்றிலும் நல்ல பள்ளிக்கூடம். இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள், அனுபவமுள்ள ஒருவரும் புதியவர் ஒருவருமாக. ஒரு ஜோடிக்கு ஐந்தாறு வீடு போதும். கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அதனால் மாநில முகவரியுள்ள அடையாள அட்டை இருக்கும் சகோதரிகள் கே.ஆர். புரம் வரைக்கும் காசில்லாமல் போய்வரலாம். போன வீட்டில் உடனே கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எழுந்து வரக்கூடாது என்று முதலிலேயே கற்றுக்கொடுங்கள். உட்கார்ந்து கேட்க வேண்டும். அடுப்பில் என்ன இருக்கிறது, ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது, வீட்டு ஓனர் என்ன சொல்கிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறதா என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொள்ள வேண்டும். பல வீடுகளில் கிடைக்க வேண்டிய அரசு உதவியே வாங்காமல் விட்டிருப்பார்கள். வீட்டுத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வரும் கிருஹலட்சுமி என்ற மாநில அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்காதவர்கள் இருப்பார்கள். கட்டட வேலை செய்தும் தொழிலாளர் நலவாரிய அட்டை எடுக்காதவர்கள் இருப்பார்கள். கன்னடத்தில் படிவம் எழுதத் தெரிந்த வாலிபர் ஒருவர் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் சபை வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்தால், சில குடும்பங்களுக்குக் காணிக்கைப் பணத்தில் கொடுக்கிற அரிசியைவிட அது பெரிய உதவி. அந்த வாலிபரும் அங்கே உட்கார்ந்து ஜனங்களை அறிந்துகொள்வார். ஜனங்களை அறியாதவர் ஆட்டை மேய்க்க முடியாது.

சந்திப்பில் கேட்டது அந்த வீட்டுக்கு வெளியே போகக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் "இன்ன வீட்டில் இன்ன பிரச்சினை, ஜெபியுங்கள்" என்று போடுவதை முதல் நாளே தடைசெய்யுங்கள். ஒரு வீட்டின் கடனையும் குடிப்பழக்கத்தையும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டால், அந்த வீட்டார் திரும்பக் கோவிலுக்கே வரமாட்டார்கள்.

அதே மாதிரி, ஒருவர் தூக்கமில்லாமல், சாகவேண்டும் என்று பேசும் நிலையில் இருந்தால், உபவாச ஜெபம் மட்டும் போதும் என்று நினைத்துவிடக்கூடாது. நாம் இருப்பது நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊரில். 14416 என்ற டெலி-மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அந்த எண் சந்திப்புக்குப் போகும் ஒவ்வொருவர் போனிலும் இருக்கட்டும். ஜெபியுங்கள், ஆட்டோ பிடித்துக் கூடவே ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

சாவு வீடு இன்னொரு இடம். 2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா நேரத்தில், இந்த ஊரில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது ஆயர் ஒருவரே எல்லா வீட்டுக்கும் போக முடியாது, சில ஆயர்களே படுக்கையில் இருந்தார்கள். ஜெபப் புத்தகத்தைக் கையில் எடுத்து அடக்க ஆராதனையை நடத்தத் தெரிந்த சாதாரண விசுவாசிகள் இருந்த சபைகள் அந்த நாட்களைத் தாங்கின. ஆகவே உங்கள் ஆயரிடம் கேட்டு, அவர் அனுமதியோடு மூன்று நான்கு பேர் அந்த முறைமையைக் கற்றுக்கொள்ளட்டும். எந்தச் சங்கீதம் வாசிப்பது, அழுகிறவர்கள் நடுவில் எவ்வளவு சுருக்கமாகப் பேசுவது, கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் என்ன காகிதம் கேட்பார்கள், 21 நாளுக்குள் மரணத்தைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்குவது எப்படி, இவ்வளவும் அதில் அடங்கும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் விதவைக்குப் பென்ஷனும் இல்லை, இன்ஷூரன்சும் இல்லை. துக்கத்தில் இருக்கிறவளுக்கு அந்தக் காகிதத்தை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பதும் மேய்ப்பர் வேலைதான்.

பணம். இதில் கண்டிப்பாக இருங்கள். பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது தான் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அழைத்துப் போனார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் சரியாக இருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு அதற்கான காரணத்தையும் எழுதினார். உங்கள் சபையிலும் எண்ணும்போது இரண்டு பேர், எழுதும்போது வேறொருவர், மாதக் கடைசியில் கோவில் பலகையில் வரவு-செலவு. உதவி பெற்றவர் பெயர் பலகையில் வேண்டாம், தொகை மட்டும் போதும். வாலிபர் இருவரை இந்தக் கணக்கில் ஒரு வருஷம் உட்கார வையுங்கள். நேர்மை என்ற தலைப்பில் எத்தனை பிரசங்கம் கேட்டாலும் வராத பயிற்சி, ஒரு 500 ரூபாய் கணக்கில் இடிக்கும்போது ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுவதில் வரும்.

துபாயில் இருக்கும் சபையார் மகன் அனுப்புகிறான், அமெரிக்காவில் ஒரு சபை அனுப்புகிறது என்று யாராவது ஆர்வத்தோடு சொன்னால் நில்லுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை அனுப்புவது ஒரு விஷயம், வெளிநாட்டு அமைப்போ வெளிநாட்டுக் குடிமகனோ அனுப்புவது வேறு விஷயம். இரண்டாவதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும், பதிவுள்ள அமைப்பு வாங்கி இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. ஆயரின் சொந்தக் கணக்கில் வாங்கிச் சபைக்குச் செலவழிப்பது நல்ல எண்ணத்தில் செய்தாலும் சட்டமீறல். அதோடு, 2022-ல் கர்நாடகத்தில் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் எவ்வளவு சர்ச்சையானது என்று உங்களுக்குத் தெரியும். அண்டை வீட்டாருக்கு அரிசி கொடுத்தால் அரிசி மட்டும் கொடுங்கள். கூடவே துண்டுப்பிரதியும் வேண்டாம், கூட்டத்துக்கு வாருங்கள் என்ற அழைப்பும் வேண்டாம். பசித்தவனுடைய பசியைப் பயன்படுத்தி அவன் மனதைத் திருப்பக்கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

இப்போது படிப்பு. வேலையை மட்டும் கொடுத்துப் படிப்பைக் கொடுக்காவிட்டால் நல்ல சமூக சேவகர்கள் கிடைப்பார்கள், சபைக்குப் போதகம் செய்யத் தெரிந்தவர்கள் கிடைக்கமாட்டார்கள். இரண்டும் வேண்டும். ஆனால் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு மூன்று வருஷம் செமினரிக்குப் போ என்று ஒரு பெயிண்டரிடம் சொல்ல முடியாது. இதே சிக்கலில்தான் 1963 வாக்கில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் செமினரி தவித்தது. தலைநகரில் படித்தவர்கள் கிராமத்துக்குத் திரும்பவில்லை, கிராமத்தில் உண்மையாகச் சபை நடத்தியவர்களால் தலைநகருக்கு வர முடியவில்லை. ஆகவே பாடத்தை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். வீட்டில் பாடப்புத்தகத்தைக் கேள்வி கேள்வியாக எழுதிப் படிக்க வேண்டும், வாரம் ஒருமுறை ஆசிரியரோடு குழுவாக உட்கார்ந்து விவாதிக்க வேண்டும், படித்ததை அந்த வாரமே ஊழியத்தில் செய்ய வேண்டும். இந்தியாவில் இதை நடத்துகிற டாஃப்டீ என்ற அமைப்பு 1971-லிருந்து நம் பெங்களூரிலேயே இருக்கிறது, தமிழிலும் பாடங்கள் உண்டு. வேதாகமக் கல்லூரிகளுக்கும் இந்த ஊரில் குறைவில்லை. 1910-ல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி மில்லர்ஸ் ரோட்டில் இருக்கிறது. உங்கள் குழுவிலிருந்து ஒருவரை முழுநேரப் படிப்புக்கு அனுப்பும் காலம் வந்தால் அங்கே விசாரிக்கலாம். இப்போதைக்கு வாரக் குழுதான் உங்களுக்குப் பொருந்தும்.

அப்படி ஒரு குழு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். நான் தமிழ்க் குழுக்களில் உட்கார்ந்து நடத்தியவன். வேலை முடிந்து ஏழரை மணிக்கு வருவார்கள், ஒருவர் கையில் இன்னும் பெயிண்ட் ஒட்டியிருக்கும். அப்பார்ட்மெண்டில் சமையல் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், பந்தி விசாரிப்புப் பாடத்தில் "ஏன் ஏழு பேர்?" என்ற கேள்விக்குப் புத்தகத்தில் எழுதியிருந்த பதிலை வாசித்துவிட்டு, சொந்தமாக ஒன்று சொன்னார்: "ஐயா, ஒருத்தர் பரிமாறினா தெரிஞ்சவங்களுக்கு ஒரு கரண்டி கூடப் போகும். ஏழு பேர் நின்னா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க." தினமும் பிறருக்குப் பரிமாறுகிற கை சொன்ன பதில் அது. அங்கிருந்து பேச்சு நேராக அவர்கள் சபையின் கிறிஸ்துமஸ் புடவை வினியோகத்துக்குப் போய், அந்த வருஷம் பட்டியலை யார் எழுதுவது என்பதே மாறியது. இந்த மாதிரி நடப்பதற்குத்தான் குழு சிறியதாக இருக்க வேண்டும் என்கிறேன். எட்டுப் பேருக்கு மேல் போனால் பேசத் தெரிந்தவர்களே பேசுவார்கள். அந்த அக்காவைப் போன்றவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் குழுவில் இருந்தால் அவர்களை விட்டுவிடாதீர்கள். பாடத்தை ஒருவர் வாசித்துப் போனில் பதிவு செய்து அனுப்பலாம், வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேட்டுக்கொள்வார்கள். நேரமும் அவர்கள் வேலையைப் பொறுத்து அமையட்டும். கார்மென்ட்ஸ் பெண்களுக்கு ஞாயிறு மத்தியானம்தான் ஓய்வு. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். ஆயருக்கு வசதியான நேரத்தில் வைத்துவிட்டு, ஆட்கள் வரவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

பிரசங்கத்தைக் கடைசியில் கொடுங்கள். பலர் தலைமை என்றாலே பிரசங்க பீடம் என்று நினைக்கிறார்கள். ஒருவர் ஆறு மாதம் வீடு சந்தித்து, கணக்கில் உட்கார்ந்து, சாவு வீட்டில் நின்றபின் பீடத்தில் ஏறினால் அவர் பேச்சு வேறு மாதிரி இருக்கும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை உடனே தூக்கி உயரத்தில் வைக்காதே என்று பவுல் எச்சரித்ததும் இதற்குத்தான், பெருமை அவரையே கெடுத்துவிடும். கஷ்டகாலத்தில் இந்த ஆபத்து கூடும். ஒரு பெரிய காணிக்கை கொடுத்துச் சபையைத் தூக்கிவிட்டவருக்கு மறு மாதமே மூப்பர் பதவி கொடுக்கக் கமிட்டி துடிக்கும். நன்றி சொல்லுங்கள், ரசீது கொடுங்கள், பதவி வேண்டாம்.

ஆயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்டதைப் பார்த்து, நீயும் களைத்துப்போவாய், ஜனமும் களைத்துப்போகும் என்று மாமனார் எத்திரோ சொன்னார். ஆயரின் சுமையைப் பிரிப்பதற்கு யாத்திராகமம் 18-ஐவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அதைத் தவறாகப் பயன்படுத்தும் கமிட்டிகளும் உண்டு: "எங்கள் ஆட்களே எல்லாம் செய்கிறார்களே, ஆயருக்கு எதற்கு முழுச் சம்பளம்?" அந்தப் பேச்சு வரும், இப்போதே தயாராக இருங்கள். பயிற்றுவிக்கிறவர்தான் இந்த முழு ஏற்பாட்டின் முதுகெலும்பு. அவர் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் பயிற்சி மூன்று மாதத்தில் நின்றுவிடும்.

எனவே கமிட்டியில் இரண்டு தீர்மானத்தை ஒன்றாகக் கொண்டுபோங்கள். ஒன்று, ஆறு பேர் கொண்ட ஒரு குழு, அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஆயரின் தலைமையில் வாரம் ஒரு சாயங்காலம். இரண்டு, ஆயரின் சம்பள பாக்கியை மூடிமறைக்காமல் சபையில் எழுந்து நின்று தொகையோடு சொல்வது, கட்டட நிதியில் பணம் கிடந்தால், அந்த நிதியைத் தொட உங்கள் சபையின் விதி அனுமதித்தால், முதலில் அந்தப் பாக்கியைத் தீர்ப்பது, மேற்சபை இருந்தால் அதற்கும் எழுதுவது. விதி அனுமதிக்காவிட்டால் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக்கொள்ளலாம். 50 ரூபாய் கொடுக்க முடிகிறவர் 50, முடியாதவர் ஆயர் வீட்டுக்கு ஒரு கிலோ பருப்பு. யார் எதைக் கொடுக்கிறார் என்ற பட்டியலை எழுதுவதையே புதுக் குழுவின் முதல் வேலையாகக் கொடுங்கள். பட்டியலை ஆயர் எழுதக்கூடாது, குழுவே எழுதட்டும்.